மூன்று அண்டாவை விட்டு ஒரு பையோடு திரும்பியவர்கள்: வீட்டு பியர், இஞ்சி பியர் அனுபவங்கள்

கல்லடியான் (இப்போது மெல்பேர்ண்)

வீட்டில் பியர் போடுவது, பிள்ளைகள் பிறந்ததும் விட்ட வேலை இது. மூன்று அண்டா, குழாய், பம்ப், கழுவியே சனிக்கிழமை முடிந்துவிடும். இப்போது பை முறையில் திரும்பவும் தொடங்கியிருக்கிறேன். 2000களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் பரவிய முறைதான், தெரிந்திருப்பீர்கள். ஒரே அண்டா, உள்ளே வலைத்துணிப் பை, உடைத்த பார்லி மோல்ட் (முளைக்க வைத்துக் காயவைத்த பார்லி) 5 கிலோ, 67 பாகைத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம். பையைத் தூக்கி வடியவிட்டு, கசப்புக்கும் மணத்துக்கும் ஹொப்ஸ் பூ போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் விட்டால் சரி.

எழுத வந்தது அதுவல்ல. போன லீவில் கல்லடியில் மாமாவிடம் இதைச் சொன்னேன். இளமையில் தென்னை சீவியவர். முழுவதும் கேட்டுவிட்டு, "பாளையில இனிப்பு இருக்கு மருமகன், முட்டியில விழ விழப் புளிக்குது. தானியத்தில என்ன இருக்கு புளிக்கிறதுக்கு?" என்றார். முளைவிட்ட தானியத்தில் நொதியம் இருக்கிறது, அது மாப்பொருளைச் சீனியாக்கும் என்றேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது.

குசினியில் பேரப்பிள்ளைக்காக மாமி முளைக்க வைத்துக் காயப்போட்டு அரைத்த குரக்கன் மா இருந்தது. கொதித்த தண்ணீர் ஒரு கோப்பை, கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பை. நம்மூர்ச் சூட்டில் இரண்டும் கலந்தால் 65க்குக் கிட்ட வந்து நிற்கும், வெப்பமானி தேவையில்லை. மாவைக் கரைத்துத் தேத்தண்ணீர் பிளாஸ்கில் ஊற்றி மூடினேன். ஊற்றும்போது கூழ்த் தடிப்பு. ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் கரண்டியில் நிற்காமல் ஓடுகிறது. வெள்ளைச் சாசரில் சோற்றுக் கஞ்சி ஒரு சொட்டு, இதில் ஒரு சொட்டு, இரண்டின் மேலும் காயத்துக்குப் போடும் அயடீன், மாப்பொருள் பட்டால் அது கருநீலமாகும். கஞ்சி கருநீலமானது. குரக்கன் லேசாகக் கறுத்ததோடு நின்றது.

மாமா சாசரைப் பார்க்கவேயில்லை. பிளாஸ்க் மூடியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். மாமியைத் திரும்பிப் பார்த்து, "சீனி போட்டியா?" "நான் ஏன் போடுறன்?" திரும்பவும் விரலை வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நம்பினாரா, நாங்கள் இருவரும் சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்று நினைத்தாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

பம்பும் பையும் உங்களுக்கு. நமக்கு இஞ்சி பியர்தான். டச்பாரில் எங்களுக்குத் தெரிந்த பறங்கி அன்ரி ஒருவர் நத்தாருக்குப் போடுவார். அவர் போனபின் நாங்கள் எசன்ஸ் வாங்கிக் கலக்கிக்கொண்டிருந்தோம், அது இஞ்சி மணக்கும் சோடாதான். இப்போது திரும்ப நல்ல இஞ்சியை இடித்து, துணியில் கட்டிச் சீனியோடு கொதிக்கப் போட்டு, ஆறியதும் தேசிக்காயும் ஈஸ்டும் சேர்க்கிறேன். அதுவும் பை முறைதானே!

அன்ரியிடம் நான் பார்த்த ஒன்று. போத்தலை வரிசையாக வைத்திருப்பார். காலையில் தேத்தண்ணி குடிப்பதற்கு முன் காற்று ஏறிவிட்டதா என்று ஒவ்வொன்றாய்ப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு போவார், பிளாஸ்டிக் போத்தல்கள். அமுங்கினால் விட்டுவிடுவார். கல்லுப்போல இருந்தால் நேரே பிரிட்ஜ். ஒன்றில் மட்டும் விரலை வைத்தவர் அப்படியே நின்றார். "இது இண்டைக்குப் பின்னேரம்" என்றார். பின்னேரம் திறந்தால் மூடி சீறியது, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. நானும் அழுத்திப் பார்க்கிறேன். அந்த விரல் எனக்கு வரவில்லை. மாரியில் இன்னும் மோசம், குளிருக்கு ஈஸ்ட் மெதுவாகத்தான் எழும்பும்.

கச்சேரிச்சந்தி

கல்லடியான் அங்கே செய்வது அங்கத்தைய சட்டம். இங்கே இலங்கையில் யாரும் பையைத் தூக்கிவிடாதீர்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம், வீட்டுக்குத்தான் என்றாலும். கள்ளுச் சீவுவதற்கே அனுமதி வேண்டும், மாமாவைக் கேளுங்கள். இதை இப்படிப் பொதுவில் எழுதி இளம் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது சரியில்லை.

கல்லடியான்

அண்ணன், பிளாஸ்கில் ஈஸ்டே இல்லை. மாமி அதில் தேங்காய்ப்பால் விட்டுப் பேரனுக்குக் கொடுத்தார்.

மல்லிகைத்தீவு (அம்பாறை)

நான் இஞ்சி பியர் போடுவதில்லை, குடித்தவன் மட்டும். சண்டைக் காலம். மட்டக்களப்பில் சின்னம்மா கட்டித்தந்த போத்தல் ஒன்று, கண்ணாடி, மடியில் பைக்குள். கல்முனைக்கு வருகிற பஸ், மத்தியான வெயில். சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் அது வெடித்தது.

பஸ்ஸில் ஒருவரும் இருக்கையில் இல்லை, எல்லோரும் கீழே. சாரதியும் ஸ்டியரிங்குக்குக் கீழே, பஸ் தானாக உருண்டுபோய் நின்றது. பக்கத்துச் சீட் அம்மா என் தலையைத் தன் கையால் அமத்திப் பிடித்திருந்தார், முன்பின் தெரியாதவர். என் சாரம் முழுக்க ஈரம். இரத்தம் என்று நினைத்து அவர் தடவிப் பார்த்து, கையை முகர்ந்தார். "இஞ்சி" என்றார். அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆமி ஏறிப் பார்த்தபோதும் அந்த அம்மா கையை எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் வீட்டில் மகள் போடுகிறாள், ஹிங்குரானைச் சிவப்புச் சீனியில். நிறமும் மணமும் அதில்தான் நன்றாக வரும். நான் அந்த அறைக்குள் போவதில்லை.

35பாகை (ஏறாவூர், இப்போது டொரொண்டோ)

எனக்கும் ஒருமுறை இரண்டு போத்தல் வெடித்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாவிக்கரை சொன்னதில் ஒரு விளக்கம் குறைகிறது. பியரில் சீனி எல்லாம் நொதித்து முடிந்த பிறகுதான் போத்தலில் அடைக்கிறோம், காற்றுக்காக லீற்றருக்கு 6, 7 கிராம் சீனி மட்டும் சேர்ப்போம். அது தீர்ந்ததும் ஈஸ்டுக்குச் சாப்பாடு இல்லை. இஞ்சி பியரில் அத்தனை சீனியும் உள்ளே இருக்கும்போதே மூடுகிறோம். பிரிட்ஜில் ஈஸ்ட் உறங்கும், சாகாது. வெளியே எடுத்து வைத்தால் திரும்பத் தொடங்கும். ஆகவே கண்ணாடி கூடவே கூடாது, பிரிட்ஜிலிருந்து எடுத்ததை அன்றே குடித்துவிட வேண்டும், பஸ்ஸில் கொண்டுபோகவே கூடாது.

அடுத்தது சூடு. சாதாரண பியர் ஈஸ்ட் (ஏல் வகை) 20 பாகையில் வேலை செய்யும். 32இல் போட்டால் வார்னிஷ் மணம் வரும். நோர்வேப் பண்ணைகளில் வழிவழியாக வைத்திருந்த க்வைக் என்ற ஈஸ்ட் 35இலும் சுத்தமாக நொதிக்கும், மட்டக்களப்புக்கென்றே செய்தது மாதிரி. பிறகு தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பியரில் ஆஸ்பத்திரி மணம் வரும், முதல் நாளே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வாவிப்பக்கக் கிணறு என்றால் உவர்ப்பையும் பார்க்க வேண்டும். ஹொப்ஸை எப்போதும் பிரீசரில்…

வாவிக்கரை

மச்சான், ஹொப்ஸ் யார் கேட்டது? பஸ்ஸில் நடந்ததைச் சொன்னவரிடம் போய் "பஸ்ஸில் கொண்டுபோகவே கூடாது" என்கிறீர்.

கல்லடியான், நேற்று நானும் பிளாஸ்கில் செய்தேன். கடைக் குரக்கன் மா, அதே கோப்பைக் கணக்கு. இனிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை, கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது.

கல்லடியான்

கடை மா முளைக்காதது. அதில் நொதியம் இல்லை. முழுக் குரக்கனை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைவிட்டதும் நிழலில் காயப்போட்டு அரையுங்கள். வறுக்க வேண்டாம், வறுத்தால் நொதியம் செத்துவிடும். முளை வாசம் பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் ஏலக்காய்.