தலையணை மேல் பின்னும் லேஸ்: பார்த்தவர்கள், கைவைத்தவர்கள் சொல்லுங்கள்

பாமணிக்கரை (மன்னார்குடி):
நானே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனபோது விடுதியில் பக்கத்து அறையில் நாகர்கோவில் பக்கத்துப் பாட்டி ஒருவர் தங்கியிருந்தார். என் துப்பட்டா ஓரத்து லேஸைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது மெஷின் லேஸு மக்களே, ஓரத்துல வெட்டுன பிசிறு நிக்கி பாரு” என்றார். சின்ன வயசில் தலையணை லேஸ் போட்டவராம். ஊசியும் கிடையாது, கொக்கியும் கிடையாது, குச்சியில் சுற்றிய நூல் மட்டும்தான் என்றார். எனக்குப் புரியவில்லை.

உடனே கொடியில் கிடந்த துணி கிளிப் நாலை எடுத்தார். நாலு நூலை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு கிளிப்பைத் தொங்கவிட்டார். நூல் விறைப்பாக நிற்க அந்தக் கனம் வேண்டும். இரண்டிரண்டு நூல் ஒரு ஜோடி. நடு நூல்கள் இரண்டில் இடதுபக்கத்து நூலைத் தூக்கி வலதுபக்கத்து நூலின் மேல் போட்டார்: இது ‘குறுக்கு’. அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் வலது நூலை இடது நூலின் மேல் போட்டார்: இது ‘முறுக்கு’. “இவ்வளவுதான். இந்த ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டா பூவும் வரும், இலையும் வரும்” என்றார். குறுக்கு, முறுக்கு, குறுக்கு போட்டால் துணி மாதிரி அடர்த்தியாக வரும். குறுக்கு, முறுக்கோடு நிறுத்தினால் வலை மாதிரி வரும். என் கண் முன்னால் இரண்டும் வந்தன.

வீட்டுக்கு வந்ததும் தலையணைக்கு வைக்கோல் தேடினேன். டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம் என்று சிரிக்காதீர்கள். மெஷின் அறுவடை வைக்கோல் நொறுங்கிக் கிடக்கிறது, திணித்தால் அமுங்கிவிடுகிறது. கையறுப்பு வைக்கோல் ஒரு கட்டு கிடைக்க இரண்டு ஊர் அலைந்தேன். குண்டூசி ஆடாமல் நிற்கிற அளவுக்குக் கல் மாதிரி திணிக்க வேண்டும். அட்டையில் புள்ளி குத்தித் தலையணை மேல் வைத்து, புள்ளிக்கு ஒரு ஊசி குத்திக்கொண்டே பின்ன வேண்டும்.

முதல் லேஸ் ஒரு சாண் வந்திருந்தது. ஐப்பசி அடைமழையில் பத்து நாள் தொடவில்லை. திறந்து பார்த்தால் ஊசி நின்ற இடமெல்லாம் துருக்கறை! பாட்டிக்குப் போன் போட்டேன். “பித்தளை ஊசின்னு சொன்னேம்லா” என்றார். சத்தியமாகச் சொல்லவில்லை.

குடந்தை டெய்லர்:
பித்தளை ஊசி சரி, குச்சி எங்கே வாங்கினீர்கள்? இந்தக் குச்சிக்கு இங்கிலீஷில் பாபின் என்று பேர். ஆனால் கடையில் போய் “பாபின்” என்று கேட்டால் தையல் மெஷினுக்குப் போடுகிற குட்டிச் சக்கரத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். தொழில் தெரிந்த எனக்கே தந்தார்கள். கடைசியில் கட்டில் கால் கடைகிற பட்டறையில் படம் வரைந்து கொடுத்தேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, பேரனுக்கு ஸ்டம்பா?” என்றார்.

24 குச்சி கடைந்து தந்தார். பார்க்க அழகுதான், ஆனால் கழுத்தில் உப்புத்தாள் போடவில்லை. சிலாம்பில் நூல் மாட்டி அறுந்துகொண்டே இருந்தது. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே தேய்த்தேன். உருண்டை வடிவம் என்பதால் தலையணையில் உருண்டு ஓடவும் செய்தன. இங்கிலாந்தில் குச்சி நுனியில் கண்ணாடி மணிகளை வளையமாகக் கோத்து விடுவார்கள், கனமும் கிடைக்கும், உருளவும் உருளாது என்று படித்திருந்தேன். வீட்டில் அறுந்து கிடந்த பாசிமணியைக் கோத்துவிட்டேன். இப்போது நான் பின்ன உட்கார்ந்தால் சலசலவென்று சத்தம். கடைக்கு வருகிறவர்கள் துணியை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாகை டீச்சர்:
அந்தப் பாட்டியின் ஊரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நாகர்கோவிலில் இதைத் தொடங்கியவர் மார்த்தா மால்ட், மிஷனரி ஒருவரின் மனைவி. 1820-களில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர் மகள் எலைசாவைக் கட்டியவர்தான் நம் கால்டுவெல். எலைசா அம்மாள் இடையன்குடியிலும் லேஸ் கற்றுக்கொடுத்தார். ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம், அதே வீட்டில் பின்னிய லேஸைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை.

எனக்கு இந்தப் பின்னல் புரிந்தது பள்ளி ஆண்டுவிழாவில்தான். பின்னல் கோலாட்டம் பழக்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து எட்டுக் கயிறு தொங்கும், பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தாண்டி ஆட ஆடக் கயிறு பின்னிக்கொள்ளும். ஒரு பெண் உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போய்விட்டாள். அறுக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. எட்டுப் பேரையும் அதே அடவில் பின்னோக்கி ஆடவைத்து, பிசகின இடம் வரைக்கும் அவிழ்த்தோம். அன்று ராத்திரி என் தலையணையிலும் ஒரு புள்ளி தப்பு. ஊசியைப் பிடுங்கி, முறுக்கை அவிழ்த்து, குறுக்கை அவிழ்த்து, 14 புள்ளி பின்னால் போனேன். அங்கே பிள்ளைகள், இங்கே குச்சிகள். என்ன, குச்சிகள் தண்ணீர் குடிக்கப் போகணும் டீச்சர் என்று கேட்பதில்லை.

கோட்டைப்பக்கம் (தரங்கம்பாடி):
நான் பின்னுவதில்லை. கோட்டை பார்க்க வந்த டென்மார்க் அம்மா ஒருவர் கடற்கரைத் திண்ணையில் சின்னத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாட்டில் டோண்டர் என்ற ஊர் இந்த லேஸுக்குப் பேர்போனதாம். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இங்கே இருந்தார்களே, இதை நம் ஊரில் யாருக்காவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். “வந்தவர்கள் எல்லாம் வியாபாரிகளும் சிப்பாய்களும் ஆயிற்றே” என்று சிரித்தார்.

பாமணிக்கரை:
டெய்லர் அண்ணே, அந்தப் பட்டறை எங்கே இருக்கிறது? எனக்கும் 12 ஜோடி வேண்டும், உப்புத்தாள் போட்டு. இன்னும் துணி கிளிப்பில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மகள் சட்டைக் கழுத்துக்கு என்று ஆரம்பித்தது எட்டு விரற்கடை வந்திருக்கிறது. அவள் கழுத்து வளருகிற வேகத்துக்கு என் கை வரவில்லை.