ஆன்லைன் லாட்டரி: தடை போடுவதா, உரிமம் கொடுப்பதா?

வெள்ளிமீன்:
ஆன்லைன் லாட்டரியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. காகிதச் சீட்டு வாங்க எழுந்து நடக்க வேண்டும், கையில் இருக்கும் காசை எண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்குள் மனசு மாற இடம் இருந்தது. போனில் அது கிடையாது. என் மைத்துனர் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்தார். வாரக் குலுக்கலில் போகவில்லை அந்தப் பணம். அதே தளத்தில், திரையைச் சுரண்டினால் உடனே பரிசு தெரியும் என்கிற சீட்டில் போனது.

எண்காரன்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் தடை போட்டால் அந்தச் சீட்டு மறைந்துவிடாது, முகவரி இல்லாத கள்ளத்தளத்துக்குப் போய்விடும். அங்கே ஜெயித்தாலும் பணம் வருமா என்பது தெரியாது, புகார் சொல்லவும் ஆள் இல்லை. உரிமம் என்று ஒன்று இருந்தால்தான் வயதைச் சோதி, செலவுக்கு வரம்பு வை, விலக நினைப்பவரை உள்ளே விடாதே என்று கட்டளை போட முடியும். பிரிட்டனில் தேசிய லாட்டரிக்கு 16 வயது போதும் என்றிருந்தது. 2021ல் 18 ஆக்கினார்கள். தடை செய்த இடத்தில் யாருக்கு வயது வரம்பு வைப்பீர்கள்?

வெள்ளிமீன்:
உரிமம் கொடுக்கிற அரசுதான் லாட்டரி வருமானத்திலும் கை வைத்திருக்கிறது. விற்பனை கூடினால் மகிழ்கிறவரே காவலுக்கும் நிற்பது எப்படிச் சரியாகும்? அதோடு எண்ணை எடுப்பது கணினி. அமெரிக்காவில் எடி டிப்டன் கதை தெரியும் அல்லவா? பல மாநில லாட்டரிகளைச் சேர்த்து நடத்தும் சங்கத்தில் கணினிப் பாதுகாப்புக்கே பொறுப்பாளர் அவர். எண் எடுக்கும் மென்பொருளில், வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் விடையை முன்கூட்டியே கணிக்கும்படி நிரலைச் செருகிவைத்தார். 2005லேயே அதில் பரிசு அடித்தாயிற்று. கைதானது 2015ல்!

எண்காரன்:
அவர் மாட்டியது எப்படி என்பதையும் சொல்லுங்கள். 2010 டிசம்பரில் அயோவாவில் வாங்கிய சீட்டுக்கு 1.65 கோடி டாலர் பரிசு. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் பெயரில் வழக்கறிஞர் வந்து கேட்டார். வாங்கியவர் யார் என்று சொல்லாமல் ஒரு காசு தரமாட்டோம் என்றது மாநில லாட்டரி. அந்த ஒரு விதியில்தான் நூல் பிடித்துப் போனார்கள். கள்ளத்தளத்தில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

தறிநூல்:
நடுவில் வருகிறேன். இரண்டு பேருமே ‘சீட்டு’ என்கிறீர்கள். பல தளங்களில் நாம் வாங்குவது சீட்டே இல்லை. வேறொரு நாட்டுக் குலுக்கலில் எந்த எண் வரும் என்று அந்தத் தளத்தோடு கட்டுகிற பந்தயம் அது. பரிசு விழுந்தால் கொடுக்க வேண்டியது தளம்தான், லாட்டரி நிர்வாகம் இல்லை. ஆஸ்திரேலியா 2018ல் சட்டம் கொண்டுவந்து இந்த வகையை நிறுத்தியது.

இன்னொரு வகை, நமக்காகச் சீட்டு வாங்கித் தருகிற இடைத்தரகர். டெக்சாஸில் 2023 ஏப்ரலில் ஒரு கூட்டம், சாத்தியமான சுமார் 2.58 கோடி எண் சேர்க்கைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கி 9.5 கோடி டாலர் பரிசைத் தட்டிச் சென்றது. சில நாட்களில் அவ்வளவு சீட்டும் அச்சாகி வந்தது, இத்தகைய தரகு நிறுவனங்களோடு தொடர்புள்ள கடைகளில். சாதாரணமாக ஒரு சீட்டு வாங்கியவருக்கு அந்தக் குலுக்கலில் என்ன நியாயம் கிடைத்தது?

வெள்ளிமீன்:
அதனால்தானே 2025ல் டெக்சாஸ் ஆன்லைன் விற்பனையையே தடை செய்தது. என் பக்கம்தான் வந்தார்கள்.

எண்காரன்:
லாட்டரியை மூடவில்லையே. பழைய ஆணையத்தைக் கலைத்து வேறு துறையிடம் கொடுத்தார்கள். அதுவும் ஒழுங்குமுறைதான். சரி, ஒன்று கேட்கிறேன். பிரிட்டனில் ஆன்லைன் சூதாட்டத் தளங்களுக்கு ஒரு விதி உண்டு. செலவு வரம்பைக் குறைத்தால் உடனே நடப்புக்கு வரும். கூட்டினால் 24 மணி நேரம் கழிந்து, நீங்கள் மறுபடி உறுதி சொன்னால்தான். இது இருந்திருந்தால் உங்கள் மைத்துனர் தப்பியிருக்க மாட்டாரா?

வெள்ளிமீன்:
இருந்தது. அவர் ஆடியது உரிமம் வாங்கிய தளம், அதே மாதிரி விதியும் இருந்தது. முந்தின நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வரம்பைக் கூட்டச் சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். வேலைக்குப் போனார், பிள்ளைகளோடு சாப்பிட்டார். இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். வாரத்துக்கு ஒரு குலுக்கல் என்றால் உங்கள் விதி ஓரளவு நிற்கும். நொடிக்கு ஒரு சீட்டு சுரண்டுகிற இடத்தில் நிற்காது.

எண்காரன்:
சுரண்டல் சீட்டு விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அதை லாட்டரி உரிமத்துக்குள் வைத்திருப்பதே தப்பு. குலுக்கலுக்குத் தடை வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. மைத்துனர் இப்போது எப்படி இருக்கிறார்? தளத்தில் விலகல் பதிவு செய்தாரா? சூதாட்டத்துக்குப் பணம் போவதை அட்டையிலேயே முடக்கும் வசதி சில வங்கிகளில் உண்டு. அவரோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.