சாரல்தாங்கு கேமரா: ‘வெதர் சீல்டு’ என்பதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேமரா விற்பனை அறிவிப்புகளில் வரும் ‘வெதர் சீல்டு மிரர்லெஸ்’ (மழையும் தூசியும் எளிதில் நுழையாதபடி ரப்பர் பட்டை வைத்த, உள்ளே ஆடி இல்லாத கேமரா) என்ற தொடருக்கு நம் அகரமுதலிக்காகத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். நான் இதில் நுழைவதற்குச் சொல்லாசை மட்டும் காரணமன்று. என் தங்கை மகன், காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படமெடுப்பதற்காக, புழங்கிய கேமரா ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். சென்ற ஞாயிறன்று அவனுடன் மந்தைவெளிக்குச் சென்று ஒன்றைப் பார்த்து வந்தேன். விற்பவர் தம் அறிவிப்பில் ‘வாட்டர்ப்ரூஃப் பாடி’ என்று எழுதியிருந்தார். அங்கே கண்டதைப் பின்னால் சொல்கிறேன். (‘இரண்டாம் கை’ என்பது எனக்கு ஒட்டவில்லை. வீட்டில் புழங்கிய பாத்திரம் என்று சொல்வதையே எடுத்துக்கொண்டேன்.)

எளிதான ‘மிரர்லெஸ்’ என்பதை முதலில் முடித்துவிடலாம். ஆடி வைத்த வகையான எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு சாய்ந்த ஆடி மேலே திருப்பிப் பட்டகத்துக்கு அனுப்புகிறது. படம் பதியும் கணத்தில் அந்த ஆடி எழும்பி வழிவிடுகிறது. 2008ஆம் ஆண்டு பானாசோனிக்கின் ஜி1 வந்தது முதல், ஆடியை நீக்கிவிட்டு, படத்தைப் பதியும் உணரி (சென்சார்) காண்பதை நேரடியாகச் சிறு திரையில் காட்டும் முறை பரவியது. லென்ஸ் பொருத்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே நிக்கானின் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கான எஃப் வகையில் இருந்த 46.5 மில்லிமீட்டர் இடைவெளி, ஜி1 சேர்ந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 19.25 மில்லிமீட்டராகக் குறைந்தது ஆடிக்கு இடம் ஒதுக்க வேண்டாமற் போனதால்தான். ‘கண்ணாடியில்லாக் கேமரா’ என்ற பரிந்துரையை ஏற்க இயலாது. லென்ஸும் கண்ணாடிதானே, லென்ஸ் இல்லாமல் வெறும் உடலை விற்கிறார்கள் போலும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். குழியாடி, குவியாடி என்று பள்ளியில் படித்த ‘ஆடி’யைக் கொண்டு, முடிவிலி, முதுகெலும்பிலி ஆகியவற்றின் வழியில் ‘ஆடியிலி’ என்று சொல்லலாம். தியாகராய நகரின் ஆடித் தள்ளுபடி கிடைக்காத கேமரா என்று யாரேனும் கேலி செய்தால் செய்யட்டும்.

இல்லாததை வைத்துப் பெயரிடுவது நிலைக்காது, ‘கம்பியில்லாத் தந்தி’ இன்று யார் வாயிலும் இல்லை என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மைதான். ஆயினும் ஆடி உள்ளதும் இல்லாததும் ஒரே மேசையில் விற்பனைக்குக் கிடக்கும் இன்றைய நிலையில், அந்த இல்லாமையே வாங்குபவர் அறிய வேண்டிய செய்தி. ஆடி மறைந்துபோகும் காலத்தில் சொல்லும் மறைந்தால் நமக்கு நட்டமில்லை.

இனி ‘வெதர் சீல்டு’. ‘வானிலை முத்திரையிட்ட’ என்பது இயந்திர மொழிபெயர்ப்பின் கொடை என்று நினைக்கிறேன். ‘சீல் வைத்த கேமரா’ என்றாலோ, சொத்து வரி கட்டாத கடைக்கு மாநகராட்சி அலுவலர்கள் பூட்டுப் போட்டு அரக்கு வைத்த காட்சிதான் சென்னைக்காரர் மனத்தில் எழும். ‘வானிலைக்காப்பு’ பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வானிலை என்பது நுங்கம்பாக்கத்து ஆய்வு மையம் அறிவிக்கும் ஒரு நிலை, அது யாரையும் நனைப்பதில்லை.

பெரும்பான்மையோர் ஆதரித்த ‘நீர்புகா’ என்பதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். ‘புகா’ முற்றான மறுப்பு. காற்றுப்புகா டப்பாவில் முறுக்கு நமத்துப்போனால் டப்பாவை விற்றவரைக் கேட்கலாம். இந்தக் கேமராக்கள் அத்தகைய வாக்குறுதியைத் தருபவையல்ல. உடலின் இணைப்புகளிலும் மின்கலக் கதவின் ஓரத்திலும் பொத்தான்களுக்கு அடியிலும் மெல்லிய ரப்பர் பட்டைகளை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529ஆம் எண் தரத்தின்படி, 2022இல் வந்த ஓஎம்-5 என்னும் சிறிய கேமராவுக்கு ஐபி53 என்ற மதிப்பு தரப்பட்டிருக்கிறது. இதில் 5 என்பது தூசி சிறிது நுழைந்தாலும் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு நுழையாது என்பதையும், 3 என்பது செங்குத்திலிருந்து 60 பாகை வரை சாய்ந்து விழும் நீர்த்தூவலைத் தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தும் பழுதாகாத பொருளுக்கு அந்த இரண்டாம் இலக்கம் 7 ஆக இருக்க வேண்டும். ‘நீர்புகா’ என்ற சொல்லை அதற்கென ஒதுக்கி வைப்போம். சீல்டு என்று விற்கப்படும் பல கேமராக்களுக்கு எந்த இலக்கமும் கிடையாது. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸோ, சீல்டு வகையாகவே இருந்தாலும், ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரமும் அதனுடன் போகிறது, பிறகு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. எனவே ‘புகா’ என்பது பொய்யாகிறது.

மந்தைவெளியில் நாங்கள் பார்த்தது பத்தாண்டுக்கு மேல் புழங்கிய உடல். மின்கலக் கதவைத் திறந்து பார்த்தபோது, ரப்பர் பட்டை நாட்பட்ட குக்கர் கேஸ்கெட்டைப் போல இறுகி, ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது. உடன் தந்த லென்ஸின் பின்புற உலோக வளையத்தைச் சுற்றிச் சீல்டு லென்ஸ்களில் இருக்கும் ரப்பர் ஓரம் இல்லவே இல்லை. அது சாதாரண லென்ஸ். கைப்பேசி விளக்கை அதன் ஊடே அடித்துப் பார்த்தபோது, ஓரத்தில் சிலந்தி நூல் போல வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. “போன டிசம்பர் மழையில் நன்றாக நனைந்தது, ஒன்றும் ஆகவில்லை” என்றார் விற்பவர். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் நமக்கு வேண்டியது அடுத்த மழையைப் பற்றிய செய்தி.

இந்த இடத்தில்தான் ‘சாரல்’ என் நினைவுக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், “சாரல் அடிக்கிறது, சன்னலைச் சாத்து” என்று சொல்லாத வீடு இங்கே உண்டா? நேர்குத்தாக விழுவது மழை. காற்றில் சாய்ந்து உள்ளே தெறிப்பது சாரல். தரத்தில் 3 என்ற இலக்கம் பாகை போட்டு அளப்பதும் அந்தச் சாய்வைத்தான். ‘தூவானம்’ இன்னும் அழகான சொல். ஆனால் மழை விட்ட பிறகு மிஞ்சுவது என்ற பொருள் அதில் தூக்கலாக இருக்கிறது. தூசியை விட்டுவிட்டதாகக் குறை சொல்லலாம். இடிதாங்கி தாங்குவது மின்னலைத்தானே? ஒரு கூற்றைச் சொல்லி மற்றதையும் உணர்த்துவது தமிழுக்குப் பழக்கமானது.

ஆகவே ‘சாரல்தாங்கி’ என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் தனியே கேட்டபோது அவர் சிரித்தார். அவர்கள் ஊரில் தண்ணீர்த் தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டியாம், சாரல்தாங்கி என்றால் மழைநீர் சேமிக்கும் தொட்டி என்றுதான் கொள்வார்களாம். சரி, பெயராக வேண்டாம், ‘சாரல்தாங்கு கேமரா’, ‘சாரல்தாங்கு லென்ஸ்’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்வோம். ஊறுகாய், சுடுசோறு போல நடுவில் வல்லினம் மிகாது. உடலைச் சொல்லும்போது மட்டும் சேர்த்து எழுத வேண்டாம்; ‘சாரல்தாங்குடல்’ என்று எழுதினால் குடல் வெளியே வந்துவிடும்.

வினைத்தொகையில் எனக்கு இன்னொரு நிறைவும் உண்டு. அது காலத்தை மறைத்து வைப்பது. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் என மூன்றுக்கும் இடம் தருவது. புதிய கேமராவுக்கு மூன்றும் ஒன்றே. புழங்கியதற்கு அப்படியல்ல, விற்பவர் ‘தாங்கிய’ என்று சொல்வதை வாங்குபவர் ‘தாங்கும்’ என்று கேட்டுக்கொள்கிறார். அகரமுதலிப் பதிவில் இதை ஒரு வரியாகவேனும் சேர்க்க வேண்டுகிறேன். கூடவே, கேமரா சாரல்தாங்கு வகையாக இருந்து லென்ஸ் அவ்வாறு இல்லையெனில், இரண்டும் சேர்ந்தது சாரல்தாங்கு ஆகாது என்பதையும், கடலோர உப்புநீருக்கு இச்சொல் பொருந்தாது என்பதையும் குறிக்க வேண்டும். தரச் சோதனைகள் நல்ல நீரில் நடப்பவை, காசிமேட்டில் தெறிப்பதோ உப்பு.

ரப்பர் பட்டைக்கு ‘அடைப்பு வளையம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேஸ்கெட் என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். குக்கர் உள்ள எந்த வீட்டிலும் அதை விளக்க வேண்டியதில்லை.

மந்தைவெளிக் கேமராவை வாங்கவில்லை. தங்கை மகன் தன் தேவையை அறிவிப்பாகவே இட முடிவு செய்து, இப்படி எழுதியிருக்கிறான்: “சாரல்தாங்கு ஆடியிலி கேமராவும் சாரல்தாங்கு லென்ஸும் தேவை. புழங்கியதாக இருக்கலாம்; கேஸ்கெட் இறுகாமல் இருக்க வேண்டும்.” இதில் எந்தச் சொல் தடுக்குகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் யாரேனும் சொன்னால், திருத்திய பிறகு அவன் வெளியிடுவான்.