பழைய மரக்கட்டடங்களைச் சீரமைத்த தாத்தாவின் தொழில் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கேள்வி: தக்கலைப் பக்கத்து நாலுகட்டு வீடுகளையும் (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டப்பட்டவை) கோயில் மண்டபங்களையும் புதுப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட என் தாத்தாவைப் பற்றி எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1: அவருடைய முழக்கோலிலிருந்து, அதாவது தச்சர் அளவெடுக்கும் கோலிலிருந்து, தொடங்குங்கள். இற்றுப்போன கழுக்கோலை (கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தை) முழுவதுமாகக் கழற்றி எறியாமல், கெட்ட நுனியை மட்டும் அறுத்துவிட்டு, அதே இன மரத்தில் புதுத் துண்டைச் செதுக்கிப் பொருத்தி, மரஆணியால் இறுக்கும் வேலையை அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பழைய மரத்தை எவ்வளவு விட்டுவைத்தார் என்பதில்தான், என் பார்வையில், அவருடைய திறமை இருக்கிறது.

மறுமொழி 2: தம்பி, உடல்நிலை இடம்கொடுத்தால் அவரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் நிலைத்து நிற்கும் அந்த அரண்மனையின் பூமுகத்தில் (முன்வாசல் மண்டபத்தில்) உள்ள மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. தேக்கு எது, அயனி எது, பலா எது என்று அவர் தொட்டுக் காட்டும்போது குரலைப் பதிவு செய்துவிடுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி, அண்ணா. உளிகளையும் படமெடுத்து, ஒவ்வொன்றின் பயனையும் கேட்டு எழுதுகிறேன்.