இரண்டு பொக்ஸும் கனெக்ட் ஆகிறது, ஆனால் மாமா வீட்டில் நெற் இல்லை. அவசரம்!

பின்வளவு:
வணக்கம். எங்கள் வீட்டில் பைபர் லைன் இருக்கிறது. பின்வளவில் மாமா வீடு. அங்கே நெற் கொண்டுபோக இரண்டு பொக்ஸ் வாங்கி, ஒன்றை எங்கள் தண்ணீர்த் தாங்கியிலும் மற்றதை மாமா வீட்டு மேல்மாடியிலும் பூட்டிவிட்டேன். வயர்லெஸ் பிரிட்ஜ் (வயர் இல்லாமல் இரண்டு இடத்தை இணைக்கிறது) போட்டாச்சு. கனெக்டட் என்று காட்டுகிறது, லைட்டும் எரிகிறது. ஆனால் அங்கே நெற் வரவில்லை. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நாளைக்கு மச்சாளுக்கு சூமில் நேர்முகத் தேர்வு. உடனே சொல்லுங்கோ.

மானிப்பாயான்:
என்ன பொக்ஸ்? எவ்வளவு தூரம்? "எல்லாம்" என்றால் என்னென்ன?

மின்விசிறி:
றீசெட் அடித்துப் பார்த்தீங்களா? எனக்கு அதோடு சரிவந்தது.

முருங்கைக்காய்:
இடையில் மரம் நிற்குமே. நான் பந்தயம் கட்டுகிறேன், மரம்தான். இந்த பொக்ஸ்கள் அனுப்பும் 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு இலையில் இருக்கும் தண்ணீர்தான் எமன். நேர்கோட்டில் எதிர்ப்பக்கம் தெரிந்தால் மட்டும் போதாது, கோட்டைச் சுற்றியும் வெளி வேண்டும். 80 மீற்றர் தூரம் என்று வைத்தால் நடுவில் எல்லாப் பக்கமும் சுமார் 1 மீற்றர். முதலில் கொப்பை வெட்டுங்கோ, பிறகு மற்றதைக் கதைப்போம்.

ஒழுங்கை_அட்மின்:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. மொடல் இல்லை, ஐபி (நெற்வேர்க் முகவரி) இல்லை, எந்த மோடில் போட்டிருக்கிறீர் என்றும் இல்லை. நாங்கள் என்ன சாத்திரம் பார்க்கிறோமா? இரண்டு பக்கமும் ஒரே சனலா (அலைவரிசை எண்)? ஓட்டோவில், தானாகத் தெரிவுசெய்ய விட்டிருப்பீர். ராடாரும் பாவிக்கும் 52க்கும் 144க்கும் இடையில் போய் விழுந்தால் ராடார் இருக்கிறதா என்று பொக்ஸ் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக்கொண்டு நிற்கும். சனலை 36 அல்லது 149 என்று நீரே கட்டிவிடும். இது அடிப்படை.

பின்வளவு:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். டிபி-லிங்க் சிபிஈ510, இரண்டும் அதுவே. தூரமும் அந்த 80 மீற்றர் வரும். முருங்கை ஒன்று நிற்கிறது, ஆனால் சிக்னல் பலம் மைனஸ் 41 டிபிஎம், நன்றாகவே காட்டுகிறது. மாமா வீட்டு லப்டொப்பில் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஐபி வருகிறது. சனல் ஓட்டோதான்.

முருங்கைக்காய்:
இப்போது மைனஸ் 41. மழை பெய்து இலை நனையட்டும், பார்ப்போம்.

கொக்குவில்_அக்கா:
169.254 என்றால் லப்டொப் டிஎச்சிபியிடம் (ஐபி பகிர்ந்து கொடுக்கும் சேவை) ஐபி கேட்டிருக்கிறது, ஒருவரும் பதில் சொல்லவில்லை, அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. ஆகவே மாமா பக்கத்துப் பொக்ஸ் ரவுட்டராக வேலை செய்யவில்லை. செய்திருந்தால் தானே ஒரு ஐபி கொடுத்திருக்கும். இப்போது இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கோ தம்பி. மாமா பொக்ஸின் செட்டிங்ஸுக்குள் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடிக்க ஒரு இடம் இருக்கிறது. அங்கேயிருந்து உங்கள் வீட்டு ரவுட்டருக்குப் பிங் போகிறதா? அடுத்தது, லப்டொப்புக்குக் கையால் ஐபி போட்டு அதிலிருந்து அடித்தால் எதுவரை போகிறது?

ஸ்காபரோ_சித்தப்பா:
80 மீற்றருக்கு ஏன் இந்தப் பாடு? கட்6 நெற்வேர்க் வயரைக் குழாய்க்குள் விட்டுத் தாட்டால் முடிந்தது. 100 மீற்றர் வரை தாராளமாக ஓடும். இங்கே நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

மின்விசிறி:
சித்தப்பா, உங்கடை ஊரில் ஐப்பசி இடி இல்லை. போன ஐப்பசியில் இடி விழுந்தது பக்கத்துக் காணித் தென்னையில், எரிந்தது என்ரை சுவிட்ச். இரண்டு வீட்டுக்கு நடுவில் செப்பு வயர் ஓடினால் ஒரு வீட்டில் ஏறுகிறது மற்ற வீட்டுக்கும் வரும். தாட்டால் மட்டும் தப்பாது.

ஸ்காபரோ_சித்தப்பா:
அதற்குத்தான் எர்த் என்று ஒன்று இருக்கிறது.

மின்விசிறி:
எர்த் கம்பியை எங்கே இறக்கிறது? எங்கள் பக்கம் ஒரு முழம் தோண்டினால் சுண்ணக்கல்லு. கம்பி வளைந்து மேலே வருகிறது.

மானிப்பாயான்:
உரும்பிராய்ப் பக்கச் செம்மண்ணில் சுகமாக இறங்கும். கல்லுக் காணி என்றால் கிணற்றடியில் அடியுங்கோ, ஈரம் நிற்கிற இடம். வயர்தான் வேண்டும் என்று நிற்பவர் பைபர் வயரும் இரண்டு மீடியா கொன்வேர்ட்டரும் (பைபரைச் சாதாரண நெற்வேர்க் வயரோடு இணைக்கும் பொக்ஸ்) போடலாம். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

ஒழுங்கை_அட்மின்:
இந்த உரையாடல் எதைப் பற்றி என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? இடி, கிணற்றடி எல்லாம் தனியாகத் திறக்கவும்.

பின்வளவு:
அக்கா, மாமா பொக்ஸுக்குள் இருந்து 192.168.1.1க்குப் பிங் போகிறது. லப்டொப்புக்கு 192.168.1.50 போட்டால் மாமா பொக்ஸ் திறக்கிறது, அதற்கு அங்காலே ஒன்றுக்கும் போகுதில்லை.

கொக்குவில்_அக்கா:
நல்லது, அப்படியென்றால் மரமும் இல்லை, சனலும் இல்லை. காற்றில் போகும் இணைப்பு சுத்தமாக இருக்கிறது. மாமா பொக்ஸ் தன் கதையை மட்டும் கதைக்கிறது, பின்னால் நிற்பவரைக் கூட்டிக்கொண்டு போகுதில்லை.

சாதாரண வைஃபையில் கிளையன்ட் (வாங்குகிற பக்கம், இங்கே மாமா பொக்ஸ்) அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் மூன்று மாக் முகவரிக்குத்தான் (கருவியின் அடையாள எண்) இடம்: அக்சஸ் பொயின்ட் (கொடுக்கிற பக்கம், உங்கள் வீட்டுப் பொக்ஸ்), அனுப்புகிறவர், போய்ச் சேரவேண்டியவர். அனுப்புகிறவர் என்ற இடத்தில் மாமா பொக்ஸே நிற்க வேண்டும். லப்டொப்பின் மாக் அங்கே வந்தால் உங்கள் வீட்டுப் பொக்ஸ் "உன்னை நான் அறியேன்" என்று எறிந்துவிடும். கடித உறையில் பெறுநர் இருக்கிறார், தபாற்காரர் இருக்கிறார், எழுதியவருக்கு மட்டும் வரி இல்லை என்பதைப் போல. நான்காவது முகவரிக்கு இடம் கொடுப்பதுதான் டபிள்யூடிஎஸ். இரண்டு பொக்ஸிலும் வயர்லெஸ் பக்கத்தில் அதை எனேபிள் பண்ணுங்கோ. ஒரு பக்கம் மட்டும் போட்டால் வராது.

இன்னொன்று. இந்த பொக்ஸ்கள் கடையிலிருந்து வரும்போது இரண்டுக்குமே ஐபி 192.168.0.254. உங்கள் வீட்டுப் பொக்ஸில் அதுவே இன்னும் இருந்தால் 192.168.1 வரிசையில் ஒன்றை வையுங்கோ, ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் எல்லைக்கு வெளியே. இல்லாவிட்டால் பிறகு உள்ளே போகப் பாடுபடுவீர்கள்.

ஒழுங்கை_அட்மின்:
டபிள்யூடிஎஸ் போட்டால் வேகம் பாதியாகும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் ஒருவருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கொக்குவில்_அக்கா:
பாதியாவது ரிப்பீட்டரில். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பினால் நேரம் இரட்டிப்பு. இங்கே மாமா பக்கம் காற்றில் வாங்கி வயரில் கொடுக்கிறது, எங்கே பாதியாகும்?

ஒழுங்கை_அட்மின்:
நடைமுறையில் பார்த்ததைச் சொன்னேன். புத்தகத்தில் இருப்பதும் ஊரில் நடப்பதும் ஒன்றல்ல.

மானிப்பாயான்:
அண்ணை, நீங்கள் நடைமுறையில் பார்த்தது ரிப்பீட்டராக இருந்திருக்கும். தம்பி, மைனஸ் 41 இந்தத் தூரத்துக்குக் கொஞ்சம் கூட, பூச்சியத்துக்குக் கிட்ட வர வரப் பலம் கூடும். டிரான்ஸ்மிட் பவரைக் குறைத்து மைனஸ் 50க்கும் 60க்கும் இடையில் வையுங்கோ. பக்கத்தில் நின்று கத்தினாலும் காது அடைக்கும்.

மின்விசிறி:
றீசெட் அடிக்கச் சொல்லி நான் முதலே சொன்னேன்.

பின்வளவு:
வந்துவிட்டது. நன்றி எல்லாருக்கும். நேர்முகமும் முடிந்தது.

கொக்குவில்_அக்கா:
சந்தோஷம். எதைச் செய்ததும் வந்தது? பின்னால் வாசிக்கிறவருக்கு உதவும்.

பின்வளவு:
அக்கா, நீங்கள் சொன்னதைப் போட்டேன், சனலை 36 ஆக்கினேன், றீசெட் அடித்துத் திருப்பி எல்லாம் போட்டேன். அதற்குள் மாமா முருங்கைக் கொப்பையும் வெட்டிவிட்டார். எதனால் என்று தெரியாது.

முருங்கைக்காய்:
😁

மின்விசிறி:
றீசெட்.

ஒழுங்கை_அட்மின்:
சனல் என்று மூன்றாவது பதிலுக்குப் பிறகே நான் எழுதியிருக்கிறேன். மேலே போய்ப் பார்க்கலாம்.

கொக்குவில்_அக்கா:
தம்பி, நேரம் கிடைக்கும்போது டபிள்யூடிஎஸ்ஸை மட்டும் ஒருக்கா நிறுத்திப் பாருங்கோ. லப்டொப் திரும்பவும் 169.254க்குப் போனால் வழக்கு முடிந்தது.

சுன்னாகச்_சந்தி:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் எனக்குக் கனெக்ட் என்றுகூடக் காட்டுதில்லை. இரண்டு பொக்ஸையும் ஒரே மேசையில் வைத்தாலும் ஒன்றையொன்று காணுதில்லை. டபிள்யூடிஎஸ் போட்டேன், சனலையும் மாற்றினேன். எங்கள் வளவில் முருங்கையே இல்லை.

மானிப்பாயான்:
மொடல்?

சுன்னாகச்_சந்தி:
சிபிஈ. ஒன்றில் 510 என்று இருக்கிறது, மற்றதில் 210.

மானிப்பாயான்:
510 என்பது 5 கிகாஹேர்ட்ஸ், 210 என்பது 2.4. கட்டிப்பிடித்து வைத்தாலும் காணாது. ஒன்றைக் கொடுத்து மாற்றுங்கோ.

சுன்னாகச்_சந்தி:
பெட்டியை எறிந்துவிட்டேன். பெட்டி இல்லாமல் கடைக்காரர் எடுப்பாரோ?