புதுப்பிப்பு: 4.4 ஜிபி வீடியோ 480 எம்பி ஆனது

மகளின் அரங்கேற்ற வீடியோ 11 நிமிடம்தான், ஆனால் 4.4 ஜிபி, ஏற்ற மூன்று மணி நேரம் ஆகிறது, பாதியில் அறுந்தும் போகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஜிப் செய்ததில் அளவு குறையவே இல்லை. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதானே. கைகொடுத்தது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் யோசனை: எச்.264 என்ற சுருக்கும் முறை, தெளிவுத்திறன் 4கே-யிலிருந்து 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் (படம்), ஆர்எஃப் என்ற தர அளவு 22. இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது. சலங்கை மணிகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன.

எதிர்பாராதது ஒன்று. முதல் முறை மாற்றியபோது, போகப் போக ஒலியும் படமும், ஜதி ஒரு பக்கம், அடவு ஒரு பக்கம் என்று விலகின. போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்) தேர்ந்தெடுத்து மறுபடி மாற்றினேன். தட்டுக்கழியும் காலும் ஒன்றாக விழுந்தன. மூலக் கோப்பை அழிக்கவில்லை.