புதுப்பிப்பு: இசட் வசப்பட்டது, டபிள்யூ பாதி வழியில்

ஆங்கிலத்தில் எஸ்ஸும் இசட்டும், வீயும் டபிள்யூவும் என் வாயில் ஒன்றாகவே வருகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம் இது.

தொண்டையில் விரல் வைக்கச் சொன்ன யோசனைதான் இசட்டுக்குக் கை கொடுத்தது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டே, காற்றை நிறுத்தாமல் குரலைச் சேர்க்க வேண்டும். விரலுக்கு அதிர்வு தெரிந்தால் இசட் வந்துவிட்டது. நாக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். சொல்லின் கடைசியில் வரும்போதுதான் வம்பு. பனிக்கட்டிக்கான ‘ஐஸ்’ எஸ் ஒலியிலும், கண்களுக்கான ‘ஐஸ்’ இசட் ஒலியிலும் முடிய வேண்டும்; இரண்டும் எனக்கு ஒன்றாகவே ஒலித்தன. அங்கே அதிர்வைவிட முன்னால் வரும் உயிரொலியின் நீளம்தான் காதில் விழுகிறது. கண்களுக்கு ‘ஐ’யைக் கொஞ்சம் நீட்டினேன், வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

டபிள்யூவுக்கு உதட்டை ‘ஊ’ என்று குவித்துத் திறந்தால் போதும், பல் எதிலும் படக்கூடாது. வீக்கு மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொட வேண்டும். நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்பதால், வேகமாகப் பேசினால் அதுவே முந்திக்கொள்கிறது. போன் கேமராவில் உதட்டைப் பார்த்துக்கொண்டே பயிற்சி நடக்கிறது.

‘திங்க்’கில் வரும் ஒலியை இப்போதைக்கு ஒத்திப்போட்டுவிட்டேன். ‘த’வாகச் சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். துணிகளுக்கான ‘க்ளோத்ஸ்’ பற்றிக் கவலைப்பட்டவருக்கு: அதை ‘மூடு’ என்ற பொருள்படும் ‘க்ளோஸ்’ போலவே சொல்லும் ஆங்கிலேயர்கள் நிறைய உண்டு. அகராதிகளும் அதை ஏற்கின்றன, சரிதான்.